ஏழாவது எறும்பு

1

போன் அலறியது!

கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்களிலும் சொட்டு மருந்து விட்டு, "கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்தீங்க... அப்புறம் நான் பொறுப்பில்ல" என்று நர்ஸ் மிரட்டிவிட்டுப் போன நேரம். ரூல்ஸ் மேடம் கண்ணை மூடிக்கொண்டே கைப்பையைத் துழாவினாள். சீப்பு வந்தது. தண்ணீர் பாட்டில் வந்தது. கடைசியாகத்தான் போன் கைக்கு வந்தது.

"அக்கா..."

தம்பி. குரல் அவனுடையதாகவே இல்லை.

"என்னடா?"

"எறும்புங்க... மேனேஜரைச் சுத்தி நிக்குதுங்க. விலக மாட்டேங்குதுங்க."

"சிவப்பு பட்டனை அமுக்கு! உடனே!"

"அமுக்கிட்டேன்க்கா. எல்லாம் நின்னுடுச்சு. அவரும்..."

"அவரும்?"

"அவருக்கு மூச்சு இல்லக்கா."

கண்ணைத் திறந்தாள். வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. எதிர்ச் சுவரில் இருந்த பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒரே பஞ்சுப் பொதியாகத் தெரிந்தன. இன்று லீவு போடச் சொன்னதே தம்பிதான். "தலைவலி தலைவலின்னு உயிரை வாங்கறியே, போய்க் கண்ணைக் காட்டு" என்று அவனே அப்பாயின்ட்மென்ட்டும் வாங்கிக் கொடுத்திருந்தான். பாசக்காரப் பையன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.

எறும்பு என்றதும் சர்க்கரை டப்பாவை நினைத்துவிடக் கூடாது. இவை வேறு சாதி எறும்புகள். நெஞ்சு வரை வரும் உயரம். ஒல்லியான ஆள் ஒருவனின் தோள் அகலம். உருண்டையான இரும்பு உடம்பு, அடியில் சக்கரம், ஒவ்வொன்றும் ஒரு பீரோ கனம். பெரிய பெரிய கட்டடங்களின் முகத்தில் மாட்டும் ராட்சதக் கண்ணாடிப் பலகைகளைச் செய்யும் தொழிற்சாலை அது. பலகையைத் தலையில் தாங்கிக்கொண்டு ஏழு எறும்புகளும் ஒன்றாக நடக்கும். ஒன்று கொஞ்சம் முந்தினாலும், ஒன்று கொஞ்சம் பிந்தினாலும் பலகை பொலபொலவென்று உதிர்ந்துவிடும். இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட உதிர்ந்ததில்லை.

அவை எப்படிச் சேர்ந்து நடக்க வேண்டும் என்று விதி எழுதிக் கொடுத்தவள் இவள். அதனால்தான் ரூல்ஸ் மேடம். பெற்றோர் வைத்த பெயரைத் தொழிற்சாலையில் எல்லாரும் மறந்தே போனார்கள்.

தம்பி அங்கேதான் ஆபரேட்டர். ஹாலுக்கு மேலே மாடியில், நாலு பக்கமும் கண்ணாடி வைத்த அறையில் உட்கார்ந்து பட்டன் அமுக்குகிறவன்.

2

ஹாலுக்குள் நுழைந்ததும் பழக்கமான எண்ணெய் வாசனை. கூடவே பழக்கமில்லாத ஒரு அமைதி.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையும் கையுமாக மூக்கை உறிஞ்சியபடி வந்தார். வருஷம் முழுக்க ஜலதோஷம் பிடிக்கிற ஜாதி.

"இதுங்களுக்கு அம்மா நீங்கதானா?"

"ரூல்ஸ் எழுதினது நான் சார்."

"அப்போ அம்மாதான். வாங்க... பிள்ளைங்க பண்ணி வெச்சிருக்கிற காரியத்தைப் பாருங்க."

பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம்.

ஆறு எறும்புகள். வட்டமாக, ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு. நடுவில் மேனேஜர் நின்றுகொண்டே செத்திருந்தார். விழ இடமில்லை. தலை மட்டும் ஒரு எறும்பின் மேல் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. நல்ல வாட்டசாட்டமான மனிதர். அந்த நடு இடமோ ஒரே ஒரு எறும்பின் பருமன்தான். அந்த இடத்துக்குள் அவரை அடக்கிவிட்டிருந்தன!

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதுல லீடர் யாரு மேடம்?" இன்ஸ்பெக்டர் கேட்டார். "முதல்ல அவனைப் பிடிச்சு விசாரிக்கணும்."

"லீடர் கிடையாது சார்."

"அப்போ ஒரு பெரிய கம்ப்யூட்டர் மேல உட்கார்ந்து, நீ இங்க போ, நீ அங்க போன்னு..."

"அதுவும் இல்ல. ஒவ்வொண்ணும் தன் பக்கத்துல இருக்கிறதை மட்டும்தான் பார்க்கும். பக்கத்து ஆள் தூரமா போயிட்டானா, கிட்டப் போ. ரொம்ப ஒட்டிட்டானா, தள்ளி நில்லு. அவ்வளவுதான் ரூல். எல்லாரும் பக்கத்து ஆளை மட்டும் ஒழுங்கா பார்த்துக்கிட்டா, மொத்தக் கூட்டமும் கலையாது."

"தலைவனே இல்லாம ஒழுங்கா நடக்கிற கூட்டமா? மேடம்... எங்க ஸ்டேஷனுக்கு ரெண்டு நாள் அனுப்பி வைங்களேன்!"

அவள் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டரும் எதிர்பார்க்கவில்லை.

"சரி, இப்படி நெருக்கிக்கிட்டு நிக்கறது எதுக்கு?"

"வேலை முடிஞ்சதும் 'கூடு' பட்டனை அமுக்குவோம். எல்லாம் ஒண்ணா ஒட்டி நின்னு சார்ஜ் ஏத்திக்கும். எது அசையாம நிக்குதோ, அதைச் சுத்தி மத்ததெல்லாம் வந்து சேரும்."

"அது என்ன ரூல்?"

"என் தம்பியைப் பார்த்து எழுதினது." சொல்லிக்கொண்டே மாடி அறையை அண்ணாந்து பார்த்தாள். "சின்ன வயசுல கடைத்தெருவுல அடம் பிடிச்சு நடு ரோட்டுல உட்கார்ந்துடுவான் சார். அப்பா, அம்மா, நான்... முன்னால போன எல்லாரும் திரும்பி வந்து அவனைச் சுத்தி நிப்போம். அடம் பிடிச்சு உட்கார்ந்தவன் பக்கம்தான் கூட்டம் வந்தாகணும். வேற வழியே இல்ல."

"அந்தத் தம்பிதான் இன்னிக்கு 'கூடு' பட்டனை அமுக்கியிருக்காரு." இன்ஸ்பெக்டர் குரலில் இப்போது ஜலதோஷம் மட்டும்தான் இருந்தது, கிண்டல் இல்லை. "மேல இருந்து பார்த்தா ஹால் முழுக்கத் தெரியுது. மேனேஜர் நின்னு போன் பேசினதும் தெரிஞ்சிருக்கும். காலையில ரெண்டு பேருக்கும் சண்டைன்னு பேக்கிங் செக்‌ஷன்ல சொல்றாங்க."

"மனுஷன் குறுக்க வந்தா எறும்பு நின்னுடும் சார்! ஒரு பூனை வந்தாக்கூட நிக்கும்! அதனாலதான் இங்க யாருமே இதுங்களைப் பார்த்து ஒதுங்க மாட்டாங்க."

"இவரு பூனையை விடப் பெரியவராச்சே மேடம்... நிக்கலையே! அப்போ உங்க தம்பி ஏதோ பண்ணியிருக்காரு. கவனக்குறைவுன்னு எழுதினா சில வருஷம். வேணும்னே பண்ணினதுன்னு எழுதினா... நீங்க எண்ணவே வேண்டாம்."

அவள் மறுபடியும் எறும்புகளைப் பார்த்தாள். மருந்தின் மப்பு விலகி, கண் மெதுவாகத் தெளிந்துகொண்டிருந்தது.

விரலை நீட்டி எண்ணினாள்.

"சார்... இதுங்க தப்பா நிக்குதுங்க."

"கொலை பண்ணிட்டு நிக்கறது எப்பவுமே தப்புதான்."

"அது இல்ல! எண்ணிப் பாருங்க. ஆறு. ஏழாவது ரிப்பேர் ரூம்ல கிடக்கு. ஆறு மட்டும் கூடு கட்டினா, மூணு மூணா ரெண்டு வரிசையா நிக்கும். நடுவுல ஒண்ணு, சுத்தி ஆறு... இப்படி நின்னா ஏழு பேர் இருக்கணும்."

"அதாவது?"

"ஏழு பேரும் வந்தாச்சுன்னு இதுங்க நினைச்சிருக்கு."

இன்ஸ்பெக்டர் உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"அப்போ இங்க நின்ன அந்த ஏழாவது ஆள் யாரு?"

இரண்டு பேரும் மேனேஜரைப் பார்த்தார்கள்.

3

எறும்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உடலை எடுத்தார்கள். மேனேஜர் போட்டிருந்தது தொழிற்சாலையின் நீலக் கோட்டு. ஹாலுக்குள் வருகிற எல்லாரும் போட வேண்டியது. வாசலில் ஆளுக்கொரு கொக்கியில் மாட்டியிருக்கும்.

கோட்டுப் பையிலிருந்து ஒரு பேனா வந்தது. உடைந்த மூக்குக் கண்ணாடி வந்தது. அப்புறம் கறுப்பாக, வட்டமாக ஒன்று.

"சட்டைப் பட்டன்" என்றார் கான்ஸ்டபிள்.

"கொடுங்க அதை!"

வாங்கிப் பார்த்தாள்.

"சார், இது சிப். ஒவ்வொரு எறும்பு வயித்துலயும் ஒண்ணு இருக்கும். இது இருந்தாத்தான் இவன் நம்மாளுன்னு மத்தது தெரிஞ்சுக்கும். மனுஷன்னா நிக்கும். நம்மாளுன்னா... நெருங்கி வந்து ஒட்டும்."

"ஒட்டினதும் நிறுத்தக் கூடாதா?"

"நிறுத்தும். முட்டினதும் நடுவுல இருக்கிற எறும்பு 'போதும்'னு ஒரு சிக்னல் அனுப்பும். அது வர்ற வரைக்கும் மத்ததெல்லாம் தள்ளிக்கிட்டே இருக்கும். இவர் எப்படி சார் சிக்னல் அனுப்புவாரு?"

"வாயால கத்தியிருப்பாரு."

"கத்தியிருப்பாரு. அதுங்களுக்குக் காது வெக்கலையே சார்... நான்தான் வெக்கல."



இன்ஸ்பெக்டர் சிப்பைக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், இது இப்போ விபத்து இல்ல. கொலை. யாரோ இதைக் கழட்டி இவர் பையில போட்டிருக்கான். இந்த விஷயம் நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும். நாலாவதா எவனுக்குத் தெரியுதோ... அவன்தான் ஆள். உங்க தம்பிக்குக்கூடச் சொல்லக் கூடாது."

"ஆனா சார், அவன் நிரபராதின்னு ஆயிடுச்சுல்ல? இதைச் செஞ்சவன் வேற. அவன் தினம் அமுக்கற பட்டனைத்தானே அமுக்கினான்!"

"செஞ்சவன் கிடைக்கட்டும். கிடைச்சதும் தம்பியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் போதுமாக இருந்தது.

4

ஸ்டேஷன் மேஜையில் தம்பியின் பைகளைக் காலி செய்து வைத்திருந்தார்கள். பர்ஸ், போன், மிட்டாய் ஒன்று, சாவிக்கொத்து. கொத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூட்ரைவர் தொங்கியது. வீட்டில் எது உடைந்தாலும் "நானே சரி பண்றேன்" என்று கிளம்புவான் என்று அவள்தான் வாங்கிக் கொடுத்திருந்தாள். சரி பண்ணப் போய் அவன் கெடுத்த மிக்ஸிகள் இரண்டு.

பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் வலது கையை நீட்டினான்.

"இந்த விரல்தான்க்கா..."

"அப்படிச் சொல்லாத. பைத்தியம்."

"நான்தானே அமுக்கினேன். பார்க்காம அமுக்கிட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். சில வருஷம்தானாம். போயிட்டு வந்துடறேன்."

"கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வர்ற மாதிரி சொல்றே! ஜெயில்டா அது! நான் உன்னை வெளிய கொண்டு வரேன். என்மேல சத்தியம்."

அவன் சட்டென்று நிமிர்ந்தான். கண்ணில் பயம். இதுவரை இல்லாத பயம்.

"வேணாம்க்கா. எதையும் நோண்டாத. விபத்துன்னு விட்டுடு."

"அப்போ மேனேஜர் பாவம் இல்லையா? அடுத்த வாரம் என்கொயரில எனக்காகப் பேசறேன்னு சொன்ன மனுஷன்டா அவரு!"

தம்பி சிரித்தான். சிரிக்கிற நேரம் இல்லை அது.

என்கொயரி வேறொன்றுமில்லை. போன மாதம் பேக்கிங் செக்‌ஷனில் ஒரு பெண்ணின் இரண்டு விரல்களை எறும்பு ஒன்று நசுக்கிவிட்டது. எறும்பின் கண் மேல் கண்ணாடித் தூசி படிந்திருந்தது. தினம் துடைக்க ஓர் ஆள் வேண்டும் என்று அவள் கரடியாகக் கத்தியிருந்தாள். மேனேஜர் செவி சாய்க்கவில்லை; விரல் போன பிறகுதான் ஆள் போட்டார். ஆனாலும், "தப்பு என்னுதுதான்னு நானே சொல்லிடறேன், நீ நிம்மதியா தூங்கும்மா" என்று சொல்லியிருந்தார். அவளும் நிம்மதியாகத்தான் தூங்கினாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டான் தம்பி.

அவன் உள்ளே இருந்துகொண்டு அவளைக் கேட்கிறான்! அவளுக்கு அழுகை பீறிட்டது. இவனை வெளியே கொண்டு வராமல் விடுவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

5

ரிப்பேர் ரூமில் இருந்தவரை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எறும்புகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். ஏழாவது எறும்பு மேஜை மேல் மல்லாந்து கிடந்தது. சக்கரம் ஒன்று கழன்றிருந்தது.

"கண்ணெல்லாம் கலங்கியிருக்கே மேடம். அந்த ஆளுக்காகவா அழறீங்க?"

"மருந்து விட்டிருக்கேன்."

"அதானே பார்த்தேன். என் கண்ணுல தண்ணி வரணும்னா எனக்கும் மருந்துதான் விடணும். இந்த மாசத்தோட என்னை வெளிய அனுப்பறதா இருந்தான் தெரியுமா? ரிப்பேருக்கு வெளியாளைக் கூப்பிடப் போறானாம். பத்து விரல்லயும் எண்ணெயோட நின்ன எனக்கு இதுதான் மரியாதை!"

அவள் பேச்சை வளர்க்காமல் எறும்பின் வயிற்றைப் பார்த்தாள். சின்ன மூடி. அதில் ஒரே ஒரு திருகாணி.

"டாக்டர், இதைக் கொஞ்சம் திறங்க."

"சிப் மூடியா? அதுக்கு மூணு மூலை ஸ்க்ரூட்ரைவர் வேணும். இந்த பில்டிங்லயே என்கிட்ட மட்டும்தான் இருக்கு." பெருமையாகச் சொல்லிக்கொண்டே மேல்பையிலிருந்து எடுத்துத் திருகினார்.

மூடி வந்தது. உள்ளே காலி!

"அட... எங்க போச்சு?" டாக்டர் தலையைச் சொறிந்தார்.

நன்றாகத்தான் நடிக்கிறார் என்று நினைத்தாள். அவர் கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரைப் பார்த்தாள். மூன்று மூலை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று லேசாகச் சுரண்டியது. என்ன என்று நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. தள்ளிவிட்டாள்.

வெளியே வந்து இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள்.

"ஆள் கிடைச்சாச்சு சார். ஆனா சும்மா கேட்டா ஒத்துக்க மாட்டாரு. எறும்புங்களை வெச்சே கேட்கணும்."

"எப்படி?"

"அதே சிப்பை அவர் கோட்டுப் பையில போட்டுடுவோம். மேனேஜர் நின்ன இடத்துல நிக்கச் சொல்லுவோம். 'கூடு' அமுக்குவோம். ஒண்ணும் தெரியாத ஆளா இருந்தா, எறும்பு வர்றதைப் பார்த்து ஓடுவாரு. தெரிஞ்ச ஆளா இருந்தா... கை நேரா பைக்குப் போகும்."

"ஆள் செத்துட்டா?"

"ரிமோட் என் கையில இருக்கும். ஒரு முழம் இருக்கும்போதே நிறுத்திடுவேன்."

இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை தும்மினார். சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

6

மறுநாள் காலை.

ஹாலில் வேலையை நிறுத்தியிருந்தார்கள். சுவரோரமாக மூன்று கான்ஸ்டபிள்கள். மேலே கண்ணாடி அறையில் தம்பி. நேற்று செய்ததையே செய்து காட்டச் சொல்லி அழைத்து வந்து, மேலும் கீழும் பேச்சு கேட்கும் மைக் முன்னால் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். கீழேயிருந்து பார்க்க அவன் ரொம்பச் சின்னவனாகத் தெரிந்தான்.

"நான் எதுக்கு சார் செத்தவன் வேஷம் கட்டணும்?" டாக்டர் சலித்துக்கொண்டே கொக்கியிலிருந்து தன் கோட்டை எடுத்து மாட்டினார். பையில் இருந்தது அவருக்குத் தெரியாது. அல்லது தெரியாத மாதிரி இருந்தார்.

"சும்மா ஒரு ஒத்திகை." இன்ஸ்பெக்டர் மேலே பார்த்துக் கையசைத்தார். "அமுக்குப்பா!"

மேலே விரல் இறங்கியது.

ஆறு எறும்புகளும் ஒரே நேரத்தில் சிலிர்த்துக்கொண்டன. ஒன்று பக்கத்து ஒன்றைப் பார்த்தது. அது அடுத்ததைப் பார்த்தது. யாரும் உத்தரவு போடவில்லை. ஆனால் எல்லாமே டாக்டர் பக்கம் திரும்பின.

டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என் கையால வளர்ந்த பிள்ளைங்க சார். என்னை ஒண்ணும் பண்ணாது."

எறும்புகள் நெருங்கின.

"மேடம்... இதுங்க நிக்கலையே?"

ரூல்ஸ் மேடம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பைக்குப் போ... பைக்குப் போ...

போகவில்லை!

டாக்டர் பின்னால் நகர்ந்தார். எறும்புகளும் நகர்ந்தன. இடது பக்கம் ஓடினார். ஆறும் இடது பக்கம் வளைந்தன. வலது பக்கம் பாய்ந்தார். ஆறும் பாய்ந்தன. வட்டம் மெல்ல மெல்ல இறுகியது.

"நிறுத்துங்க! அய்யோ, நிறுத்துங்க!"

முதுகில் சுவர் இடித்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கோட்டுப் பையின் பக்கம் அவர் விரல் போகவே இல்லை.

இவருக்குத் தெரியாது! நிஜமாகவே தெரியாது!

அவள் கட்டை விரல் ரிமோட்டின் சிவப்பு பட்டன் மேல் போனது. அமுக்கப் போனாள். அதற்குள் ஸ்பீக்கரில் தம்பியின் குரல் வெடித்தது.

"டாக்டர்! கோட்டு! கோட்டைக் கழட்டுங்க! கழட்டித் தூர எறிங்க!"

டாக்டர் எதற்கு என்று கேட்கவில்லை. கழற்றி வீசினார். கோட்டு ஹாலின் நடுவே போய் விழுந்தது.

ஆறு எறும்புகளும் அந்தக் கணமே அவரை விட்டுத் திரும்பின. கோட்டைச் சுற்றி வட்டம் கட்டின. ஒன்றோடு ஒன்று உரசி நின்று, நடுவில் கிடந்ததைப் பொறுமையாகத் தள்ளத் தொடங்கின. ஒரு சக்கரத்தின் அடியில் நீலக் கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் பட்டனை அமுக்கினாள். எல்லாம் நின்றன.

இன்ஸ்பெக்டர் டாக்டரைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்... கோட்டுல இருக்குன்னு உங்க தம்பிக்கு யாரு சொன்னது?"

"அவன்... அவன் ஆபரேட்டர் சார். தினம் இதுங்களோட பழகறவன். ஊகிச்சிருப்பான்."

"நான் ஒத்துக்கறேன். ஊகிச்சாரு. அப்போ நேத்தே சொல்லியிருக்கலாமே? 'என்னை விடுங்க, எவனோ அவர் கோட்டுல சிப்பைப் போட்டிருக்கான்'னு ஒரு வார்த்தை சொன்னா வீட்டுக்குப் போயிருப்பாரே! தன்னைக் காப்பாத்தற விஷயத்தை எவனாவது மறைப்பானா மேடம்?"

விதி எழுதுகிறவளுக்கு விதி புரியாமல் போகுமா?

நேற்று நெஞ்சைச் சுரண்டியது என்ன என்று இப்போது தெரிந்தது. சாவிக்கொத்து. குட்டி ஸ்க்ரூட்ரைவர். பல முனைகள் மாற்றிப் போடலாம் என்று கடைக்காரன் சொன்னதை நம்பி அவள் வாங்கிக் கொடுத்தது. அதில் ஒரு முனைக்கு மூன்று மூலை.

"விடுக்கா." ஸ்பீக்கரில் தம்பி மூச்சு விடுவது கேட்டது. "நீ பொய் சொல்லாத. உனக்கு வராது."

"டேய்... ஏன்டா?"

"அந்த ஆளு போன்ல பேசினதைக் கேட்டேன். விரல் போன கேஸை ரூல் எழுதினவ தலையிலயே கட்டிடலாம், அவ உள்ள போகட்டும்னு சிரிச்சுக்கிட்டே சொல்றான். காலையில போய்க் கேட்டேன். உன்னால முடிஞ்சதைப் பார்த்துக்கோன்னான். நீ ஜெயிலுக்குப் போறதாக்கா? நான் பார்க்காம அமுக்கிட்டேன்னு சொல்லிட்டு, நானே போயிட்டு வந்துடலாம்னு நினைச்சேன். நீ வெளிய இருப்பே. அது போதும்னு இருந்துச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிப்பை எடுத்துடலாம்னு ஓடி வந்தேன். அதுக்குள்ள எல்லாரும் வந்துட்டாங்க. அதுங்க ஏழு பேரா நிக்கும்னு எனக்குத் தோணவே இல்லக்கா. தினம் அப்படியே பார்த்துப் பார்த்து... அதுதான் சரின்னு கண்ணுக்குப் பழகிப்போச்சு."

"இப்போ ஏன்டா கத்தினே? வாயை மூடிட்டு இருந்திருந்தா..."

"டாக்டர் என்னக்கா பாவம் பண்ணாரு?"

அவளுக்கு ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. அவனைக் காப்பாற்ற அவள் வைத்த பொறி. அதில் அவன்தான் விழுந்தான். அதுவும் யாரோ ஒருவரைக் காப்பாற்றப் போய்.

எல்லாரும் மாடி ஏறினார்கள். தம்பி நாற்காலியில் இல்லை. கண்ணாடி அறையின் நடுவில், தரையில், காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். கடைத்தெருவில் உட்காருவானே, அதே மாதிரி. "எழுந்திருப்பா" என்று ஒரு கான்ஸ்டபிள் சொன்னார். அவன் அசையவில்லை.

அவனைச் சுற்றி நின்றார்கள். மூன்று கான்ஸ்டபிள்கள். சட்டை நனைந்த டாக்டர். இன்ஸ்பெக்டர். அவள்.

அவளையறியாமல் எண்ணினாள். ஆறு பேர். நடுவில் ஒருவன். யாராவது "போதும்" என்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. யாரும் சொல்லவில்லை.

"சார்..." குரல் எழும்பவில்லை. "கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க சார். அவனுக்கு மூச்சு முட்டும்."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். விலங்கை எடுத்தார்.

"நான் என்ன பண்ணட்டும் மேடம்? அடம் பிடிச்சு உட்கார்ந்தவன் பக்கம் கூட்டம் வந்தாகணும்னு ரூல் போட்டது நீங்க... எறும்புங்களை விட நாங்கதான் கொஞ்சம் லேட்டு!"